பிராமணப் பட்டாளத்தின் சாக்கு முடிச்சு

போன மாதம் ஒரு பிள்ளை போனில் கோல் எடுத்தாள். படங்களுக்கு உடுப்புத் தயாரிக்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்தவளாம். என்னுடைய நம்பரை யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

"ஸ்டெல்லா அன்ரி, நீங்க முந்தி ஒரு பிராமண ரெஜிமென்ட் படத்துக்கு வேலை செய்தனீங்களாமே. பூணூல் எந்தத் தோளில வரும்?"

"இடது தோள். எத்தனை சிப்பாய்?"

"ஒராளுக்குத்தான் அன்ரி. ஒராளை எடுத்துட்டு மிச்சப் பேரைக் கம்ப்யூட்டர்ல பெருக்கிடுவாங்க."

"அப்ப பட்டாளம் முழுக்க ஒரே முகமா?"

"தூரத்தில நிக்கிற சிப்பாய்ட முகத்தை ஆர் அன்ரி பாக்கப் போறது?"

பிள்ளை நல்ல பிள்ளைதான், மரியாதையாகத்தான் கதைத்தாள். எனக்குத்தான் சுருக்கென்றது. போனை வைத்துவிட்டு ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வெள்ளவத்தை பிளாட்டின் ஜன்னலோரம் வெகுநேரம் இருந்தேன். அவளுக்குப் போனில் சொல்ல முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். அப்பாவுக்குத் தையல் கடை. மாதா கோயில் திருநாள் வந்தால் எங்கள் தெருவில் பாதிப் பேரின் புது உடுப்பு எங்கள் மெசினில் இருந்துதான் போகும். அங்கே பழகிய வேலையை நம்பிக்கொண்டு சோமா மிஸ்ஸிடம் போய் நின்றேன். பழகிய காலத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஊசி குத்தாத விரல் எனக்கு இல்லை, அவ்வளவுதான்.

இந்தியாவாகக் காட்டுவதற்கென்று இலங்கைக்கு வந்து படம் எடுக்கும் வெளிநாட்டுக்காரர் அந்த நாளில் அடிக்கடி வருவார்கள். அவர்களுக்கு இங்கே உடுப்புப் பகுதியைப் பொறுப்பெடுத்து நடத்தியவர்தான் சோமா மிஸ். மெலிந்த உருவம். சாரி முந்தானையில் வரிசையாகக் குத்தூசிகள் மின்னும். ஒருநாளும் சத்தம் போட்டுப் பேசியதில்லை. சிங்களத்தில்தான் கதைப்பார், ஆனால் கொட்டாஞ்சேனைத் தமிழில் நாங்கள் அவரைப் பற்றிக் குசுகுசுத்தால் அதுவும் விளங்கிவிடும்.

முதல் நாள் ஒரு தடித்த சிவப்புக் கோட்டைக் கையில் தந்து ஒரு பொத்தானைத் தைக்கச் சொன்னார். நான் இறுக்கித் தைத்துக் கொடுத்தேன். இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். "ஆயெத்," என்றார். திரும்பவும் செய் என்று அர்த்தம். இன்னும் இறுக்கித் தைத்தேன். "ஆயெத்." எனக்கு அழுகை வந்தது. அதன் பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினார். பட்டாளத்துக் கோட்டின் துணி தடிப்பு. பொத்தானை ஒட்டித் தைத்தால், பூட்டும்போது துணி சுருங்கி, சிப்பாய்க்கு வயிறு முட்டிய தோற்றம் வந்துவிடும். பொத்தானுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு நெருப்புக்குச்சியை வைத்துத் தைத்து, குச்சியை உருவிவிட்டு, அந்த இடைவெளி நூலைச் சுற்றிச் சுற்றிக் கழுத்து மாதிரிக் கட்டவேண்டும். தைத்து முடிந்ததும் நாலடி தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ஏன் மிஸ் ஒரு கண் என்று கேட்டேன்.

"கமராவுக்கு ஒரு கண்தானே நங்கி." நங்கி என்றால் தங்கச்சி.

"ஹரி" என்று அவர் வாயால் ஒரு தரம் கேட்க எனக்குப் பல மாதம் பிடித்தது. சரி என்பதற்கு அவர்கள் சொல்வது அது. மற்றவர்கள் அதை ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்வார்கள். சோமா மிஸ் சேர்த்து வைத்துச் செலவழிப்பார்.

இனிப் பிராமணப் பட்டாளத்துக்கு வருகிறேன். அந்தப் படத்தில்தான் என்னை முதன்முதலாக ஒரு பகுதிக்குப் பொறுப்பாக விட்டார். சிப்பாய்கள் அறுபது பேரும் என் பொறுப்பு.

தைக்கிறவளுக்குக் கதை தெரிய வேண்டும் என்பது மிஸ்ஸின் சட்டம். வேலை தொடங்குமுன் எங்கள் எல்லோரையும் இருத்தி, படக்காரர் கொடுத்திருந்த சரித்திரத்தைச் சிங்களத்தில் சொன்னார். வெள்ளைக்காரன் கம்பனி ஆண்ட காலத்தில் வட இந்தியாவில், கங்கைக் கரைப் பக்கத்தில் இருந்து பிராமணரை ஏராளமாகப் படைக்குச் சேர்த்தானாம். பூசை செய்கிறவர்கள் இல்லை, வயலும் மாடும் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளைகள். நெடுநெடுவென்ற ஆட்கள், முறுக்கு மீசை. சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு அவர்கள் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. ஆனாலும் பிராமணர்கள் மட்டுமே இருந்த பட்டாளம் ஒன்றிரண்டு தப்பிப் பிழைத்து, முதலாம் உலகப் போர் வரைக்கும் வந்தது. பிறகு அதையும் கலைத்துவிட்டார்கள்.

அவர்களுடைய சாப்பாட்டு முறைதான் எங்களுக்கு முக்கியம். அணிவகுப்பு முடிந்ததும் சப்பாத்து, தோல் பெல்ட், கோட்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, குளித்து, இடுப்பில் ஒரு வேட்டியோடு, நிலத்தில் ஒரு கோடு கீறி, அதற்குள் தனக்கென்று ஒரு அடுப்பு மூட்டித் தானே சமைப்பானாம். இன்னொருவன் கால் அந்தக் கோட்டுக்குள் பட்டுவிட்டால் சாப்பாட்டைக் கொட்டிவிடுவானாம். கப்பலில் போகும் நாட்களில் அடுப்பு மூட்ட வழியில்லாமல் வறுத்த கடலையோடு சமாளித்தார்களாம். எங்கள் படத்தின் பெரிய காட்சியே அதுதான். பாலைவனத்தில் பட்டினி கிடந்த பட்டாளத்துக்குக் கோதுமை மா வந்து சேர்கிறது. ஹவில்தார் ஒருவன், அதாவது சார்ஜன்ட் மாதிரி ஒருவன், உடுப்பைக் கழற்றிவிட்டு மணலில் கோடு கீறுகிறான். காற்று அழிக்கிறது. திரும்பக் கீறுகிறான். திரும்ப அழிகிறது. கமரா அவன் முகத்துக்குக் கிட்டே போகிறது.

ஆள் பிடிக்கும் வேலை நஸீர் நானாவுக்கு. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். புறக்கோட்டையில் அவருக்குத் தெரியாத ஆள் இல்லை. முதல் நாள் ஒரு வான் நிறைய ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். எல்லோரும் கொட்டாஞ்சேனைக் கோயில்களைச் சேர்ந்த ஐயர்மார். நெற்றி நிறைய விபூதி, கொழுகொழுவென்ற கை, பொங்கல் வளர்த்த வயிறு. டிரெக்டர், பாவம், வெள்ளைக்காரன், என்னையும் பார்த்தார், அவர்களையும் பார்த்தார்.

"என்ன நானா இது?" என்றேன்.

"என்ன புள்ள, நீங்க தானே புராமணர் வேணுமுண்டு செல்லினீங்க. நான் கோயிலுக்குப் போகாம பள்ளிவாசலுக்கா போற?"

அவரிலும் பிழையில்லை. தமிழர் காதில் பிராமணர் என்று விழுந்தால் மணியும் தீபத்தட்டும்தான் கண்ணில் வரும், தோளில் துவக்கு வராது. படக்காரரும் அதே பிழையைத்தான் விட்டிருந்தார்கள். கங்கைக் கரைச் சிப்பாய்க்கு ஆலோசனை சொல்லக் கொட்டாஞ்சேனைக் குருக்கள் ஒருவரைப் பிடித்து வைத்திருந்தார்கள். பரமேஸ்வரக் குருக்கள் என்று பெயர். தங்கமான மனிதர்.

வந்த ஐயர்மாரைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. அறுபதுக்கு மேலதிகமாக, கழுத்துவரை பொத்தான் பூட்டிய கோட்டுப் போட்டுப் பின் வரிசையில் நிறுத்தினோம். முன் வரிசைக்கு மறுநாள் நஸீர் நானா புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமிகளைக் கொண்டுவந்தார். அவர்கள் வானில் இருந்து இறங்கியபோது சோமா மிஸ் ஒரு கண்ணை மூடினார். அதிலும் ஒருவர், மாரிமுத்து. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழும்புக்கு வந்து நாலாம் குறுக்குத் தெருவில் மூட்டை தூக்குகிறவர். ஆறடி உயரம், சொந்த மீசை. டிரெக்டர் அவரைக் கண்டதும் ஹவில்தார் இவன்தான் என்று கையைக் காட்டிவிட்டார்.

ஹெந்தளைப் பக்கம் கடற்கரையில்தான் பாலைவனம். கடலுக்கு முதுகு காட்டி, மணல்மேட்டைப் பார்க்கத் தாழ்த்திக் கமராவை வைத்தால், தென்னை ஒன்றும் உள்ளே வராமல் ஒரு துண்டு அரபு நாடு கிடைத்தது. அது யுத்த காலம். அறுபது தமிழ் ஆட்களைச் சீருடையோடு ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு செக்பாயின்டைத் தாண்டுவதை யோசித்துப் பாருங்கள். அதனால் உடுப்பெல்லாம் பூட்டிய பெட்டியில், அனுமதிக் கடிதத்தோடு, தனி லொறியில் போகும். ஆட்கள் சாரமும் சேட்டுமாக வந்து, கூடாரத்துக்குள் சிப்பாயாகி, பின்னேரம் திரும்பவும் நாட்டாமியாகி வீட்டுக்குப் போவார்கள். பொத்தானில் இருந்து பாதக்குறடு வரை ஒவ்வொன்றிலும் என் கையால் எழுதிய சீட்டு ஒன்று கட்டியிருக்கும். சீட்டு இல்லாத சாமான் எதுவும் நடிகனின் உடம்பில் ஏறக்கூடாது. இது மிஸ்ஸின் இன்னொரு சட்டம்.

சமையல் காட்சிக்கு வெறும் மேல் என்பதால் பூணூல் வேண்டும். நான் குருக்களிடம் போய், "ஐயா, அறுபது பூணூல் செய்து தாங்கோ," என்று கேட்டேன். காட்சிக்கு முதல் நாள் காலையில் அவர் ஒரு தாம்பாளத்தில் அழகாக அடுக்கிக் கொண்டுவந்தார். அளவு பார்க்க மாரிமுத்துவை முதலில் கூப்பிட்டேன்.

குருக்கள் அன்பாகத்தான் கேட்டார். "தம்பிக்கு எந்த இடம்?"

"ஹட்டனுங்க சாமி. இப்ப புறக்கோட்டையில நாட்டாமி வேல."

குருக்கள் தோளில் கிடந்த சால்வையை எடுத்துத் தாம்பாளத்தை மூடினார். கோபமில்லை, முகத்தில் ஒரு சங்கடம்.

"பிள்ளை, இது பூணூல்."

"ஓம் ஐயா. பூணூல்தானே நான் கேட்டனான்."

"அதுதான் பிள்ளை பிழை. நீர் நூல் எண்டு கேட்டிருக்க வேணும். பூணூல் எண்டு கேட்டபடியால் நான் முறைப்படி செபம் செய்து கொண்டந்திட்டன். இனி இதை உபநயனம் ஆகாத ஒராளுக்குப் போட என்னால ஏலாது."

கொட்டாஞ்சேனையில் வேதக்கார வீட்டில் பிறந்த எனக்கு நூலுக்கும் பூணூலுக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கிறது என்று ஆர் சொன்னது? செபமாலையைக் கடையில் வாங்கலாம், பிறகு சுவாமியாரிடம் மந்திரிக்கலாம். எங்கள் ஆட்களிடம் அந்த ஒழுங்குதான்.

இதற்குள் உதவி டிரெக்டருக்கு விசயம் போய்விட்டது. கொழும்புப் பொடியன், பயந்த சுபாவம். சமயப் பிரச்சினை ஒன்றும் வரக்கூடாது, குருக்களின் மருமகன் பின் வரிசையில் நிற்கிறார், அவரை ஹவில்தாராகப் போடுவோம், மாரிமுத்துவுக்குக் கோட்டைப் பூட்டிப் பின்னால் விடுவோம் என்று அவனே தீர்த்துவிட்டான். குருக்கள் சம்மதமென்று சொன்னால் மட்டும் பழையபடி மாற்றலாமாம்.

மாரிமுத்து கூடாரத்துக்கு வெளியே மணலில் குந்திக்கொண்டிருந்தார். நான் போனதும் எழுந்து நின்றார்.

"பின்னாடி நிக்கச் சொன்னா நிக்கிறேன் அக்கா. ஆனா நாலாம் குறுக்குத் தெரு முழுக்கச் சொல்லிப்புட்டேன். எம் மூஞ்சி படத்துல வருதுன்னு."

"கேலி பண்ணுவாங்க எண்டு பயமா?"

"கேலி பழக்கந்தான் அக்கா. மூட்டைக்குக் கீழ குனிஞ்சு போறவனோட முதுகைத்தான் எல்லாரும் பாத்திருக்காங்க. முதலாளி கூட என்னை முதுகை வச்சுத்தான் அடையாளம் சொல்லுவாரு. மூஞ்சியை ஒருத்தரும் பாத்ததில்ல."

எனக்கு ஆத்திரம் வந்தது. நேரே சோமா மிஸ்ஸிடம் போய்ப் படபடவென்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஒரு கொலரைத் தைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்தத் தாம்பாளத்தில் இருக்கிறதில் உன்னுடைய சீட்டு இருக்கிறதா?"

"இல்லை மிஸ்."

"அப்படியென்றால் அது எங்கள் சாமான் இல்லை. அவருடையது. பத்திரமாகத் திருப்பிக் கொடு. எங்களுடையதை நாங்கள் செய்வோம்."

பிறகு நான் நிற்கவில்லை. நஸீர் நானாவின் வானில் புறக்கோட்டைக்குப் போய், தையல்காரர் வாங்கும் கட்டை நூலை வாங்கிக்கொண்டு, மத்தியானத்துக்குள் திரும்பி வந்தேன். கடையில் வாங்கிய நூலின் வெள்ளை, கமராவில் கண்ணைக் குத்தும். பெரிய சட்டியில் தேயிலைச் சாயம் கொதிக்கவைத்து முக்கி எடுத்து வெயிலில் உலர்த்தினோம். மூன்று மூன்று இழையாக முறுக்கினோம். எல்லாம் சரி, முடிச்சுத்தான் தெரியவில்லை. குருக்களிடம் போய் ஒரு தரம் காட்டுங்கோ ஐயா என்றேன்.

"காட்டினால் பிறகு அது நூலாய் இருக்காது பிள்ளை," என்றார். நியாயம்தானே. கையைப் பிசைந்துகொண்டு திரும்பி வந்தேன்.

"முடிச்சா? குடுங்கக்கா," என்றார் மாரிமுத்து. வாங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, பல்லால் இழுத்து முடித்தார். அரிசிச் சாக்கின் வாயைக் கட்டும் முடிச்சு. எவ்வளவு இழுத்தாலும் இறுகுமே தவிர அவிழாது, ஆனால் நுனியைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் கழன்று விழுந்துவிடும்.

மிஸ் வந்து நாலடி தள்ளி நின்றார். ஒரு கண்ணை மூடினார். ஆயெத் என்று வரப்போகிறது என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அவர் கிட்டே போய் முடிச்சை விரலால் தட்டிப் பார்த்தார்.

"அறுபது பேருக்கும் இதே மாதிரி இருக்கட்டும். ஒன்றுக்கொன்று வித்தியாசம் வரக்கூடாது," என்றார். பிறகு, போகிற போக்கில், "ஹரி."

மாரிமுத்துவும் அவருடைய கூட்டாளிமாரும் வட்டமாக இருந்து முடிச்சுப் போட்டார்கள். நான் ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டினேன். தாம்பாளத்தைச் சால்வை விலகாமல் குருக்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, எங்களுடையதில் ஒன்றை அவருக்கு முன்னால் நீட்டினேன். உதவி டிரெக்டரையும் பக்கத்தில் கூட்டிக்கொண்டுதான் போனேன்.

"ஐயா, இது என்ன?"

குருக்கள் வாங்கவில்லை. குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். அவர் வயிறு குலுங்கத் தொடங்கியது.

"இது சாக்கு முடிச்செல்லோ!"

"அப்ப இது பூணூல் இல்லைத்தானே ஐயா?"

"சத்தியமாய் இல்லைப் பிள்ளை."

"மாரிமுத்து போடலாமோ?"

"சாக்கு நூலை ஆரும் போடலாம். நான் ஆர் வேண்டாமெண்டு சொல்ல?"

உதவி டிரெக்டர் பொடியன் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

மறுநாள் ஹெந்தளையில் நல்ல காற்று. மாரிமுத்து வேட்டியோடு இருந்து, தடியால் மணலில் கோடு கீறினார், மாவைப் பிசைந்தார். டிரெக்டருக்குத் திருப்தி வரவில்லை. அந்த வெள்ளைக்காரன் சோமா மிஸ்ஸிடம் இருந்து ஒரே ஒரு வார்த்தை பழகியிருந்தார், அதையே கத்திக்கொண்டிருந்தார். "ஆயெத்! ஆயெத்!" ஒருமுறை, அடுப்புக்குக் குனிந்தபோது காற்றில் விலகிய நூலை முழங்கையால் தள்ளப்போய், அது வலது தோளுக்குப் போய்விட்டது. மாரிமுத்துவின் இரண்டு கையும் மா. உடுப்பு விலகினால் ஓடிப்போய்ச் சரிசெய்வது என் வேலை. சப்பாத்துத் தடம் மணலில் விழக்கூடாதென்று நான் அதைக் கழற்றுவதற்குள் குருக்கள் போய்விட்டார். மணலில் கீறியிருந்த கோட்டைத் தாண்டி உள்ளே போய், தன் கையாலேயே நூலை எடுத்து மாரிமுத்துவின் இடது தோளில் போட்டு, நெஞ்சில் நேராக்கிவிட்டார்.

"இந்தப் பக்கம் தம்பி. மற்றது திதி குடுக்கிற நேரத்துக்கு."

"சரிங்க சாமி."

திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றார். "சரியான காத்துப் பிள்ளை," என்றார், நான் ஒன்றும் கேட்காமலே. கோடு கால் பட்டு அழிந்திருந்தது. மாரிமுத்து திரும்பவும் கீறினார். அந்தத் தரம்தான் டிரெக்டர் போதும் என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ படம் செய்துவிட்டேன். ராணிக்கு உடுத்தியிருக்கிறேன், கவர்னருக்கு உடுத்தியிருக்கிறேன். கோல் எடுத்த பிள்ளைக்குச் சொல்ல வருவது இதுதான். ஒரு ஆளைப் பெருக்கி அறுபதாக்க உங்கள் மெசினுக்குத் தெரியும். அந்த அறுபதில் யாராவது ஒருவன் தன் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருப்பான் என்பது அதற்குத் தெரியாது.

படம் கொழும்புக்கு வந்தபோது மாரிமுத்து எனக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு தியேட்டர். அவரும் மனைவியும் எனக்குப் பக்கத்தில். பின்னால் இருந்த வரிசையெல்லாம் நாலாம் குறுக்குத் தெரு நாட்டாமிகள். சிவப்புக் கோட்டுகள் அணிவகுத்துப் போனபோது ஐயர்மாரின் வயிற்றைக் கண்டு விசில் அடித்தார்கள். பிறகு பாலைவனம் வந்தது. கோடு, காற்று, திரும்பவும் கோடு. கமரா கிட்டே கிட்டே போய், திரை முழுக்க மாரிமுத்துவின் முகம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

அப்போது பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது.

"டேய் மாரி, முதுகைக் காட்டுடா! அப்பத்தான் நீன்னு நம்புவோம்!"

தியேட்டரே வெடித்துச் சிரித்தது. அவருடைய மனைவியும் சிரித்தார். மாரிமுத்து திரும்பவில்லை. திரையில் இருந்தவரும் திரும்பவில்லை.